ஒரு போன், ஒரு குரல்

ஆபீஸில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. சல்லடை என்றால்தான் தெரியும். கேன்டீன்காரரிலிருந்து டைரக்டர் மேடம் வரை அதே பெயர்தான். மேடம் மட்டும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. சட்டசபைக்கு ஒரு மசோதா வருகிறது என்றால், அதற்கு முன்னால் 'மக்கள் மேடை' என்கிற வெப்சைட்டில் அது ஏறும். பிரிவு பிரிவாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் படித்துப் பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று காரணத்தோடு எழுதலாம். ஒரு பிரிவுக்கு ஆதரவாகப் போதிய ஆட்கள் எழுதியிருந்தால், சட்டசபைக் குழு அதை விவாதித்தே ஆக வேண்டும். ஆள் குறைந்தால் பேச்சே இல்லாமல் தூக்கிவிடலாம். ஆகவே எழுதியவர்கள் நிஜமான ஆட்களா, அல்லது ஒரே ஆள் பல வேஷம் கட்டி எழுதினாரா என்று சலித்துப் பார்க்க ஒருவன் தேவைப்பட்டான்.

போன வருஷம் வாடகை வீட்டு மசோதாவின்போது, ஒரு மத்தியானம் கருத்துகள் மழை மாதிரிக் கொட்டின. எல்லாம் வீட்டுக்காரர்களை வானளாவப் புகழ்ந்து. அத்தனையும் ஒரே அலுவலகத்தில், ஏசி அறையில் உட்கார்ந்திருந்த நாலு பேர் கூலிக்குத் தட்டியவை என்று கண்டுபிடித்தவன் சல்லடைதான். அதற்குப் பிறகு ஒரு விதி எழுதினான். ஒரே போனிலிருந்தோ ஒரே கம்ப்யூட்டரிலிருந்தோ கும்பலாகக் கருத்து வந்தால், மொத்தமும் தானாக ஒதுங்கி நிற்கும். அவன் பார்ப்பான். பொய் என்று பட்டால் தள்ளிவிடுவான். 'ஒரு போன், ஒரு குரல்' என்று பத்திரிகைக்காரர்கள் அதற்குத் தலைப்பே கொடுத்தார்கள்.

இன்னொரு விதியும் அவன் மூளையில் உதித்ததுதான். சலிக்கிறவன் கண்ணில் எழுதியவரின் பெயரோ நம்பரோ படக் கூடாது. பட்டால் பாரபட்சம் வந்துவிடும்.

பாரபட்சம் இல்லாமல்தான் அந்த வெள்ளிக்கிழமையும் வேலை பார்த்தான்.

தொழிற்சாலைப் பாதுகாப்பு மசோதாவுக்குக் கருத்துச் சொல்ல அன்றுதான் கடைசி நாள். ஒதுங்கி நின்ற கும்பல்களில் ஒன்று ரொம்பப் பெரிது. ஒரே போன். அத்தனையும் ஒன்பதாம் பிரிவுக்கு ஆதரவு. வேலை நடக்கிற நேரத்தில் வெளிவாசல் கதவுகளைப் பூட்டி வைக்கக் கூடாது என்கிற பிரிவு அது.

அந்தப் பிரிவின் அருமை சல்லடைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவனுடைய அக்கா மகள் செத்ததே அப்படிப் பூட்டிய ஒரு கதவுக்கு உள்ளே நின்றுதான். தைத்த துணியை யாரும் கடத்திவிடக் கூடாது என்று பூட்டிய கதவு. கட்டிங் பகுதியில் தீப்பிடித்தபோது சாவி வைத்திருந்தவன் டீ குடிக்கப் போயிருந்தான்.

மசோதா வந்த அன்றே மேடம் கேட்டார். "இதை வேற யாராவது பார்க்கட்டுமா? உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"வேண்டாம் மேடம். நான் சரியா பார்ப்பேன்."

சரியாகப் பார்ப்பது என்றால் அவன் அகராதியில் கூடக் கொஞ்சம் கறாராகப் பார்ப்பது. சொந்த ரத்தம் சம்பந்தப்பட்ட பிரிவு. நாளைக்கு ஒருத்தன் கை நீட்டிப் பேசிவிடக் கூடாது.

"என்ன சல்லடை, இன்னிக்குக் கல்லு ஜாஸ்தியா?" என்றாள் பக்கத்து சீட்டுப் பெண். வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"ஒரே மூட்டை. நல்ல காரியத்துக்குத்தான் பண்ணியிருக்காங்க. ஆனாலும் பொய் பொய்தானே."

எப்போதும் செய்கிற மாதிரி முதல் கருத்தையும் கடைசிக் கருத்தையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். படிக்கவில்லை. ஒப்பிட்டான். முதலாவது ஒரு தாய் எழுதியது மாதிரி இருந்தது. கடைசியில் இருந்தது தையல் மிஷினுக்கும் வாசலுக்கும் நடுவே அடுக்கிய துணி மூட்டைகளைப் பற்றி. இரண்டும் முடிந்தது ஒரே வரியில்: 'கதவைத் திறந்து வையுங்கள்.' நடுவில் இருந்தவற்றின் கடைசி வரியை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தான். எல்லாம் அதே வரி.

எவனோ உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டினான். தள்ளு என்கிற பட்டனை அழுத்தினான். மூட்டை போய்விட்டது.

அடுத்த வாரம், குழு கூடுகிற நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கியவன் வரவேற்பறையில் அக்காவைப் பார்த்து நின்றான். பெரிய டிவிக்கு நேர் எதிரே, முதல் நாற்காலியில், தலையைப் படிய வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் போன பிறகு அவள் கண்ணாடி பார்த்து வாரியதாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம?"

"உன்னைப் பார்க்க வரலடா. டிவி பார்க்க வந்தேன். சட்டசபைக் கூட்டத்தை இங்க போடுவாங்களாமே. எங்க வீட்டுல இந்த சேனல் வராது."

கூடவே இறங்கிய ரேடியோ சும்மா இருப்பாளா? "என்னக்கா, சீரியலா?"

"ஆமாம்மா. மாமியார் மருமக சண்டைதான். ஒன்பதாம் பிரிவுன்னு பேரு. மூணு மணிக்கு வருதாம்."

அக்கா சிரித்தாள். சல்லடைக்கு அதுவே போதுமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்" என்றாள் அவள். "இன்னிக்கு முடிஞ்சுடப் போகுது, இனிமே சொன்னா தப்பில்ல. உங்க வெப்சைட்டுல எழுதினோம்டா. ஃபாக்டரிப் பொண்ணுங்க எல்லாரும்."

"எல்லாருமா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா? தம்பிக்காரன் உள்ளே இருந்து சேர்த்துவிட்டான்னு எவனாவது கிளப்புவான். உன் வேலைக்குக் கெட்ட பேரு எதுக்கு? நியாயமா போட்டோம், நியாயமா வரட்டும்."

அவள் பையைத் திறந்து ஒரு போனை எடுத்தாள். ஒரு மூலையில் கண்ணாடி விரிசல்.

அது அவன் வாங்கிக் கொடுத்த போன். அக்கா மகள் வேலைக்குச் சேர்ந்த வாரம், மாமா பரிசு என்று கொடுத்தது. வாங்கின அன்றே கீழே போட்டு மூலையை உடைத்தாள், வாலு. வீட்டில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவது அப்படித்தான். அவன் வீட்டுக்கு வந்தால் காலிங் பெல்லைத் தொடமாட்டாள். ரெண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. 'யாரு?' என்றால், 'போலீஸ். மாமாவை அரெஸ்ட் பண்ண வந்திருக்கோம்' என்பாள். அந்த ஃபாக்டரியில் காலையில் உள்ளே போகும்போதே கேட்டில் போனை வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டிவிடுவார்கள். வேலையில் கவனம் சிதறுமாம். அதனால்தான் அன்றைக்கு அவளால் யாரையும் கூப்பிட முடியவில்லை. அதனால்தான் போன் மட்டும் பிழைத்தது.

"இதுலதான் எல்லாருக்கும் போட்டேன்" என்றாள் அக்கா.

"எல்லாருக்கும் இந்த ஒரு போன்லயா?"

"பின்ன? பாதிப் பேரு வீட்டுக்குப் போனதும் போனைப் புருஷன் வாங்கி வெச்சுக்குவான். மீதிப் பேருக்குப் பயம், முதலாளிக்குத் தெரிஞ்சுடுமோன்னு. டெய்லி காலையில அவளுங்க கம்பெனி பஸ்ஸுல நானும் ஏறிப்பேன். டிரைவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. ஒவ்வொருத்தி பக்கத்துலயும் உட்கார்ந்து, பேசச் சொல்லி ரெக்கார்டு பண்ணிக்குவேன். வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பக் கேட்டு டைப் அடிப்பேன். அவளவ பேரு, அவளவ நம்பரு. ஒரு வார்த்தை மாத்தலடா. கடைசி வரி மட்டும் நானா சேர்த்தது."

"என்ன வரி?" தெரிந்துகொண்டே கேட்டான்.

"கதவைத் திறந்து வையுங்கள்னு. இவளுங்க பட்டதையெல்லாம் நல்லா சொல்றாளுங்க, என்ன வேணும்னு கேட்க மறந்துடறாளுங்க. அதான்."

"இருக்கா. வந்துடறேன்" என்று அவன் எழுந்தான். லிப்டுக்குக் காத்திருக்கவில்லை.

மேடம் அவன் சொன்னதை முழுசாகக் கேட்டார். நடுவில் குறுக்கிடவில்லை.

"அத்தனையும் நிஜ ஆளுங்க மேடம். நான்தான் தள்ளிட்டேன். எழுதிக் கொடுக்கறேன். குழுவுக்கு இப்பவே சொல்லுங்க."

"சொல்லலாம். ஆனா வெறும் வாய் வார்த்தையை எடுத்துக்க மாட்டாங்க." மேடம் கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினார். "தள்ளினதைத் திருப்பிச் சேர்க்க என்ன வழின்னு விதியில இருக்கு. எழுதினவங்க போனுக்கு ஒரு நம்பர் அனுப்பணும். அவங்க அதே போன்ல இருந்து அதைத் திருப்பி அனுப்பணும். அனுப்பினவங்க மட்டும் கணக்குல வருவாங்க. பிரிவு எடுக்கறதுக்கு முன்னாடி வரணும்." கொஞ்சம் தயங்கினார். "நீங்க எழுதின விதிதான்."

"தெரியும் மேடம்."

"குழுத் தலைவர்கிட்ட நான் பேசறேன். மூணு மணிக்கு முன்னாடி எடுக்கமாட்டாங்க. நீங்க நம்பரை அனுப்புங்க."

அனுப்பினான். ஒரே அழுத்தில் அத்தனை போனுக்கும் போனது. திரையில் 'சென்றது' என்று வரிசையாக விழுந்தது. படியில் இறங்கும்போது கால் கொஞ்சம் லேசானது. நேரம் இருக்கிறது. ஒரு நம்பரைத் திருப்பி அனுப்ப எத்தனை நேரம் ஆகும்?

"அக்கா, ஒரு சின்னச் சிக்கல். உங்களது எல்லாம் சந்தேகத்துல நிக்குது. ஒரே போன்ல வந்ததால. ஒண்ணும் பயமில்ல. எல்லாரு போனுக்கும் ஒரு நம்பர் அனுப்பியிருக்கேன். அதை அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லு, போதும்."

"எப்போ?"

"இப்போ. மூணு மணிக்குள்ள."

அக்கா அவனையே பார்த்தாள். "இப்போ ஷிப்ட்டுடா."

அவனுக்குத் தெரியாத விஷயமா? அந்த அலமாரி எரியாமல் நின்றதைக் கண்ணால் பார்த்தவன். சாம்பல் தட்டிய ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இந்தப் போனைக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கினவன் அவன்தான். பதற்றத்தில் எல்லாம் மறந்துபோனது.

அவன் பைக்கை எடுக்க, அக்கா பின்னால் ஏறினாள். தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. மண் ஓரத்தில் இறக்கி ஓட்டினான். அக்கா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்து, பார்த்து" என்றாள். மெதுவாகப் போ என்று மட்டும் சொல்லவில்லை.

எரிந்த கட்டடத்தை இடித்து, பக்கத்திலேயே புதிதாகக் கட்டியிருந்தார்கள். பெயின்ட் புதிது. கேட் புதிது. வாட்ச்மேன் அறைக்குள் நின்ற அலமாரி மட்டும் பழசு.

வாட்ச்மேனுக்கு அக்காவைத் தெரியும். ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார். "வாம்மா. இதென்னம்மா கூத்து? அரை மணியா உள்ளே இப்படித்தான் கத்திட்டுக் கிடக்குது. எந்த வீட்டுல என்னவோன்னு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அப்போதுதான் சல்லடை அதைக் கேட்டான். அலமாரிக்குள் ஒரு போன் உறுமி அடங்கியது. அது அடங்கும் முன்னால் இன்னொன்று. இரும்புத் தட்டில் மோதி மோதி, கிர்ர் கிர்ரென்று. பதில் வராதவர்களுக்கு நம்பரைத் திரும்பத் திரும்ப அனுப்பும்படி அவன்தான் அமைத்திருந்தான்.

"திறங்கண்ணே" என்றான்.

"சாவி மேனேஜர்கிட்ட தம்பி. எங்கிட்ட இருந்தா தரமாட்டேனா?"

மேஜை மேல் இருந்த இன்டர்காமை எடுத்து அவர் மேனேஜரைக் கூப்பிட்டார். சல்லடை வாங்கிப் பேசினான். ஆபீஸ் பெயரைச் சொன்னான். சட்டசபை என்றான். ஒவ்வொருத்தரையும் ஒரே ஒரு நிமிஷம் வெளியே விடச் சொன்னான். கடைசியில் கெஞ்சினான்.

"சார், சாயங்காலம் லோடு ஏத்தணும்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். கெட்ட குரல் இல்லை, களைத்த குரல். "டெய்லி ஒருத்தர் அவசரம்னு வந்து நிக்கறாங்க. ஷிப்ட் முடிஞ்சதும் பேசிக்கங்க." வைத்துவிட்டார்.

சல்லடை பூட்டைப் பிடித்து இழுத்தான். சுற்றிலும் கண்ணை ஓட்டினான். மூலையில் ஒரு கம்பி கிடந்தது. அதை எடுத்தான். வாட்ச்மேன் பார்த்தார், பிறகு முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"விடுடா" என்றாள் அக்கா. "திறந்துட்டா மட்டும்? எவளுது எது, என்ன பாஸ்வேர்டுன்னு உனக்குத் தெரியுமா? அவளுங்க வந்து தொட்டாத்தானே."

அவன் கம்பியைக் கீழே வைத்தான்.

அக்கா ஸ்டூலை அலமாரிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையை இரும்புக் கதவின் மேல் வைத்தாள். உள்ளே ஒவ்வொரு போன் அதிரும்போதும் அவள் விரல்கள் லேசாக நடுங்கின. ஜுரம் வந்த குழந்தையின் முதுகில் கை வைத்த மாதிரி வைத்திருந்தாள், எடுக்கவே இல்லை.

சல்லடை தன் போனில் குழுக் கூட்டத்தைப் பார்த்தபடி நின்றான். காய்ச்சல் என்று லீவு போட்டிருந்த ஒருத்தி, குழந்தை பெற்று வீட்டில் இருந்த ஒருத்தி. இன்றைக்கு ஷிப்ட்டுக்கு வராதவர்கள் அவர்கள்தான் என்று அக்கா சொல்லியிருந்தாள். அந்த இரண்டு பேரின் பதில் மட்டும் வந்திருந்தது. மேடம் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: 'முடிந்தவரை இழுத்துவிட்டேன்.'

திரையில் தலைவர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தார். "பிரிவு ஒன்பது. போதிய மக்கள் ஆதரவு பதிவாகாததால் நீக்கப்படுகிறது. பிரிவு பத்து."

அவ்வளவுதான். இருமி முடிக்கிற நேரம்.

"வந்துச்சா?" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

"போயிடுச்சுக்கா."

அவள் கையை எடுக்கவில்லை. அலமாரி கொஞ்ச நேரம் கிர்ரென்றது. பிறகு அதுவும் நின்றது.

ஷிப்ட் முடிந்து மணி அடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மேனேஜரின் ஆள் வந்து அலமாரியைத் திறந்தான். பெண்கள் வரிசையாக வந்து போனை வாங்கினார்கள். வாங்கியவள் ஒவ்வொருத்தியும் திரையைப் பார்த்து, அக்காவைப் பார்த்து, கேள்வியே கேட்காமல் நம்பரைத் தட்டினாள். கழுத்தில் அளவு டேப் தொங்கிய ஒருத்தி தன்னுடையதை முடித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளுக்கும் காட்டிக் கொடுத்தாள். "இதைப் போடுடி, இந்த நம்பரை. அனுப்பு." எல்லோருக்கும் ஒரே பதில் வந்தது: காலம் முடிந்தது.

டேப் போட்டவள் சல்லடையிடம் வந்தாள். "தம்பி, காலம் முடிந்ததுன்னு வருதே. சேர்ந்துடுச்சுன்னு அர்த்தமா?"

அவன் பதில் சொல்வதற்குள் அக்கா சொன்னாள். "மிஷினு கோளாறும்மா. இந்தத் தடவை ஆகல. நீங்க பஸ்ஸுக்குப் போங்க."

மிஷின் கோளாறு. அப்படியே விட்டுவிடலாம். அக்காவே கொடுத்த வழி. அவன் தொண்டை வரை அது வந்தது.

"மிஷின் இல்லக்கா" என்றான். "மிஷின் ஒதுக்கி வெச்சுது, அவ்வளவுதான். தள்ளினது நான்."

அக்கா மெதுவாகத் திரும்பினாள்.

"பொய்யின்னு நினைச்சேன். எல்லாம் ஒரே மாதிரி முடிஞ்சுது. யாரோ எழுதிக் கொடுத்ததுன்னு…"

"படிச்சுப் பார்த்தியா?"

"ரெண்டு படிச்சேன்."

"எந்த ரெண்டு?"

"முதல்லயும் கடைசியிலயும் இருந்தது. அதுதான் பழக்கம்."

அக்கா ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் ஒவ்வொருவராக பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"முதல்ல இருந்தது என்னோடதுடா" என்றாள். "வேற எதுவும் எழுத வரல எனக்கு. அவ எப்படித் தட்டுவான்னு மட்டும் எழுதினேன். ரெண்டு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு. அன்னிக்கும் அப்படித்தான் தட்டியிருப்பான்னு."

வெள்ளிக்கிழமை அந்த எழுத்துகள் அவன் கண்ணுக்கு முன்னால் இருந்தன. கண் அவற்றைத் தாண்டிக் கடைசி வரிக்கு ஓடியது.

"உனக்குத் தெரியாத தட்டாடா அது?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பான். அவள் எழுந்து, தினமும் காலையில் ஏறி வந்த அதே பஸ்ஸை நோக்கி நடந்தாள். பைக் பக்கம் பார்க்கவில்லை. டிரைவர் கதவைத் திறந்தார். டேப் போட்டவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அவன் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றான். "அக்கா, வீட்டுல கொண்டுபோய் விடறேன். வாக்கா."

அக்கா விரிசல் விழுந்த போனை ஜன்னல் வழியே நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"ரெண்டுதானே படிச்சே. மீதி அத்தனை பேரும் அதுல பேசியிருக்காங்க. உட்கார்ந்து கேளு."

பஸ் கிளம்பியது. வாட்ச்மேன் காலி அலமாரியைச் சாத்தினார். சல்லடை அக்கா உட்கார்ந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். பாஸ்வேர்டு தெரியும், வாலு பிறந்த நாள். மாற்றச் சொல்லி எத்தனையோ தடவை திட்டியிருக்கிறான். ரெக்கார்டுகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததைத் தொட்டான்.

பஸ் இரைச்சல். ஹாரன். யாரோ சிரிக்கிற சத்தம். பிறகு ஒரு பெண், ரொம்பப் பக்கத்தில், சந்தேகமாக:

"இதுல பேசினா நிஜமாவே யாராச்சும் கேப்பாங்களாக்கா?"

அதற்கு அக்காவின் குரல், அவன் பல மாதமாகக் கேட்டிராத உற்சாகத்தோடு:

"கேப்பாங்கடி. என் தம்பி அங்கதான் இருக்கான். நீ பேசு."